ஏழு நாள் குரல்

ஏற்காடு
4 பிப்ரவரி 2025, செவ்வாய்

தம்பி தினேஷுக்கு,

டப்பாவில் போன் இருக்கிறது. இன்று மத்தியானத்தோடு அதன் உயிர் முடிகிறது என்று நீ பின்னால் ஒட்டிய சீட்டு சொல்கிறது. பார்த்துச் செய்து மூணு மணி பஸ்ஸில் ஏற்றிவிடு. பஜ்ஜி ஆறு வைத்திருக்கிறேன். அது கண்டக்டர் அன்பழகனுக்கு. அவர் தின்று மிச்சம் இருந்தால் நீ எடுத்துக்கொள். உனக்கென்று நான் ஒன்றும் வைக்கவில்லை.

ஒரு புகார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நல்ல கூட்டம். ஈரோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், பதினாறு பேர், நம் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். "எத்தன டீங்க?" என்ற பட்டனைத் தொட வேண்டிய நான், விரலெல்லாம் மாவு, அதற்குக் கீழே உள்ளதைத் தொட்டுவிட்டேன். "கடை மூடியாச்சுங்க, நாளைக்கு வாங்க" என்று, ஆபரேஷனுக்கு முன்னால் நீ பதிந்து வைத்த என் குரல் போனிலிருந்து கணீரென்று சொன்னது. எண்ணெய் கொதிக்கிறது, பஜ்ஜி மிதக்கிறது, கடை மூடியாச்சாம். பதினாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். நான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். டாட்டா சொல்கிறேன் என்று நினைத்து அவர்களும் ஆட்டினார்கள். பக்கத்துக் கடை ஞானசுந்தரி பட்டர் ஃப்ரூட் அடுக்குவதை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பட்டனைத் தூக்கி எங்காவது ஒரு மூலையில் போடு.

லெட்டர் எதற்கு, போனில் சிம் போட்டுக்கொண்டால் அதிலேயே எழுதி அனுப்பலாமே என்று போன வாரம் கேட்டிருந்தாய். சிம் போட்டால் கண்டவர்களும் கூப்பிடுவார்கள். தொண்டையில் வெறும் காற்று வருகிறவள் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? எனக்குக் காகிதம் போதும்.

மற்றபடி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நான் உனக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டியது அப்படியேதான் இருக்கிறது. "என் கடை வாசல்ல நிக்காதே." அழிக்கவில்லை.

மாதம்மாள்


சேலம்
அதே நாள், மத்தியானம்

அக்காவுக்கு,

பஜ்ஜி நாலு மிச்சம் இருந்தது. அன்பழகன் அண்ணன் எப்போதும் இரண்டுதான் எடுக்கிறார். "ரெண்டுக்கு மேல தின்னா எனக்கு நெஞ்சு கரிக்கும்னு உங்கக்காவுக்கு நல்லாத் தெரியுங்க தம்பி, ஆனாலும் ஆறு வெக்கறாங்க" என்றார். நான் நாலையும் தின்றுவிட்டேன்.

பட்டனை மாற்றிவிட்டேன். "கடை மூடியாச்சுங்க" இனிமேல் கடைசிப் பக்கத்தில் தனியாக, சிவப்பில் இருக்கும். அதை இரண்டு தடவை தொட்டால்தான் பேசும்.

ஏன் ஒவ்வொரு வாரமும் இந்தக் கூத்து என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். நாமே வீட்டில் செய்த ஆப்பை நம்முடைய சொந்த போனில் போட்டுக்கொள்ள, போன் கம்பெனி காசில்லாமல் விடுவது ஏழு நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு திறக்காது. மறுபடியும் கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டிப் புதிதாகப் போட வேண்டும். வருஷத்துக்கு எட்டாயிரத்து எழுநூறு ரூபாய் கட்டி, ஆப் செய்கிறவன் என்று பேரைப் பதிந்துகொண்டால் ஒரு வருஷம் தொந்தரவில்லாமல் ஓடும். வேறு மாதிரி போன்களில் இந்தக் கணக்கே கிடையாது என்கிறார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது என் பழைய போன், நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதும் இந்த போனுக்கு மட்டும்தான். கல்யாண ஆல்பம் அடிக்கிற எனக்கு இதற்கே நாக்குத் தள்ளிவிட்டது.

நான் அந்தப் பணத்தைக் கட்டிவிடட்டுமா?

அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னது பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தினேஷ்


ஏற்காடு
11 மார்ச் 2025, செவ்வாய்

தம்பிக்கு,

பணம் கட்டாதே. மூன்று லெட்டரில் மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் மூன்று தடவை பேசாமல் இருந்தேன். இப்போது காரணம் சொல்கிறேன், கேள்.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் பஸ் ஏறிவிடுகிறது, சாயங்காலம்தான் திரும்பி வருகிறது. அதுவரை நான் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் ஒன்றும் வராது என்பது நம் தெருவுக்குத் தெரியும். டூரிஸ்ட்டுக்குத் தெரியுமா? போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். திங்கட்கிழமை என் கடையில் டீ குடித்தபோது என் குரலைக் கேட்டிருக்கிறார். போன் கல்லா மேல் இருந்ததால், பேசியது அது என்று கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது வந்தார், நான் கையால் ஜாடை காட்டினேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏனுங்க, செவ்வாக்கெழம மவுன விரதமுங்களா?" என்று ஞானசுந்தரியிடம் கேட்டார். அவள் சும்மா இருப்பாளா? "ஆமாங்க, சேர்வராயன் சாமிக்கு நேந்துக்கிட்டது. நொம்ப வருசமா இருக்காங்க" என்று அடித்துவிட்டாள்.

அந்த அம்மா பஜ்ஜி வாங்கிக்கொண்டு போனார். அவர் மகளுக்கு அந்த வாரமே பெண் பார்க்க வந்து நிச்சயமாகிவிட்டதாம். அவ்வளவுதான். இப்போது செவ்வாய்க்கிழமையானால் கடை முன்னால் கார் நிற்கிறது. "விரதம் இருக்கற அம்மா கையால வாங்கித் தின்னா நெனச்சது நடக்குமாமுங்க" என்று எலுமிச்சம்பழமும் பூவுமாக வருகிறார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினால், அடக்கம் என்று மெச்சுகிறார்கள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டுவிட்டேன். ஒரு சின்னப் பாட்டில் டப்பாவில் இருக்கிறது. அது அன்பழகனுக்கு இல்லை.

இப்போது நீ பணம் கட்டிவிட்டால் செவ்வாய்க்கிழமையும் போன் என் கையில் இருக்கும். "எத்தன டீங்க?" என்று கேட்டால் விரதம் கெட்டுப்போச்சே என்று எத்தனை பேர் மனசு உடைவார்கள். போனை ஒளித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாமே என்பாய். அது பொய். இப்போது நடப்பது பொய்யில்லை, நிஜமாகவே அன்றைக்கு எனக்குக் குரல் கிடையாது.

அதனால் கட்டாதே.

மாதம்மாள்


சேலம்
அதே நாள்

அக்காவுக்கு,

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முதலாளி இனிமேல் செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாக உங்கள் போனை முடித்துவிடு என்கிறார். அவருக்கு மகன் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. அடுத்த டப்பாவில் அவருக்கும் நாலு பஜ்ஜி வைக்க முடியுமா என்று வெட்கத்தோடு கேட்டார்.

ஊறுகாய் வந்தது. இந்த வாரம் பழைய சோறுதான், வேறெதுவும் இறங்காது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் முதலாளி புதுக் கிளை திறக்கிறார். என்னைப் பொறுப்பாகப் போகச் சொல்லியிருக்கிறார். மே பன்னிரண்டாம் தேதி அங்கே இருக்க வேண்டும். சம்பளம் கூட வருகிறது, நல்ல வேலை, சந்தோஷம்தான். ஆனால் ஏற்காட்டு பஸ் கோயமுத்தூருக்கு வராது, அக்கா. அன்பழகன் அண்ணனும் வரமாட்டார். வாரா வாரம் இந்த டப்பா எப்படிப் போய் வரும்? இங்கே என் வேலையைப் பார்க்க வருகிறவனுக்கு ஒயரை எங்கே மாட்டுவது என்றுகூடத் தெரியாது.

அதனால் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். விரதத்துக்கு வேறு வழி யோசிப்போம். ஏழு நாளைக்கு ஒரு தடவை உங்கள் குரல் நின்றுபோகிறது என்று நினைத்தாலே எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து சோறு இறங்குவதில்லை.

தினேஷ்


ஏற்காடு
16 ஏப்ரல் 2025, புதன்

தினேஷுக்கு,

நேற்று டப்பா வராததற்குக் காரணம் அன்பழகன் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை ராத்திரி மழை. காலையில் மலைப்பாதையில் பத்தாவது வளைவில் மரம் விழுந்து, அடிவாரத்திலிருந்து ஒரு பஸ்ஸும் ஏறவில்லை, இங்கிருந்து ஒன்றும் இறங்கவில்லை. குப்பனூர் சுற்றுப்பாதை வழியாக வந்த கார்களில் மட்டும் ஜனம் வந்தது, கூட்டத்துக்குக் குறைவில்லை. போன் நேற்று மத்தியானம் நின்றுவிட்டது. தொட்டேன், திறக்கமாட்டேன் என்று ஒரு வரி காட்டியது.

சாயங்காலமும் குரல் வராது என்று தெரிந்ததும் பயந்துபோனேன். செவ்வாய்க்கிழமை பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம், சாயங்காலம் குரல் வந்துவிடும் என்ற தைரியம் இருக்கும். நேற்று அது இல்லை. இன்று காலை ஒருவர் குழந்தைக்குப் பால் கேட்டார். சூடாக இருக்கிறது, ஆற்றித் தருகிறேன் என்று ஜாடை காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார், நான் தட்டிவிட்டேன். "என்னம்மா திமிரு? வாயத் தொறந்து சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?" என்று கத்தினார். பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞானசுந்தரி ஓடி வந்து எனக்காகப் பேசினாள். பாவம், நல்ல மனசு. ஆனால் நான் ஒரு விரல் காட்டினால் அவள் ஒரு டஜன் என்கிறாள். சர்க்கரை வேண்டாம் என்றவருக்கு இரண்டு கரண்டி போட வைத்தாள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டேன். முப்பது வருஷத்தில் சீசன் நாளில் சாத்தியது இன்றுதான் முதல் தடவை.

அப்போது நீ அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. "கொரலு இல்லாம எப்புடிக் கடை நடத்துவீங்க? நாலு பேரு சிரிப்பாங்க. சேலத்துக்கு எங்கூட வந்துருங்க." அதற்குத்தான் நான் சிலேட்டை எடுத்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் பாவி என்று இன்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரே நிமிஷம்தான். பிறகு எண்ணெய்ச் சட்டியைக் கழுவி வைத்தேன்.

பணத்தைக் கட்டு. ஆனால் என் பணம். டப்பாவின் அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். குரல் என்னுடையது, வாடகையும் நான்தான் கொடுக்க வேண்டும். விரதக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தொண்டையிலேயே நிற்கும். விரதம், எலுமிச்சம்பழம் எல்லாம் சும்மா சாக்கு. கட்டிவிட்டால் டப்பா போகாது, வராது. வாரம் ஒரு லெட்டர் வருகிறதே, அதுவும் நின்றுவிடும். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு உன் கையெழுத்தாவது செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்தது. அந்த ஏழு நாள் சட்டம் போட்ட கம்பெனிக்காரன் நல்லா இருக்கட்டும் என்று நான் எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் தெரியுமா?

மாதம்மாள்


சேலம்
29 ஏப்ரல் 2025, செவ்வாய்

அக்காவுக்கு,

பணம் கட்டியாயிற்று. பேர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் கேட்டு, சரிபார்த்து, பத்து நாள் ஆக்கிவிட்டார்கள். என்ன தொழிலுக்காக ஆப் செய்கிறீர்கள் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். மிளகாய் பஜ்ஜி என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. போனில் புதிதாகப் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் ஏப்ரல் வரை எந்தச் செவ்வாய்க்கிழமையும் அது நிற்காது. பின்னால் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் டப்பாவின் அடியில் வைத்ததை எடுத்துக்கொண்டேன். திருப்பி அனுப்பினால் இன்னொரு சிலேட் எழுதுவீர்கள்.

அக்கா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள் என்றேன். உண்மையில் பயந்தது நான். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே. தொண்டையில் இருக்கிற கட்டி குரல் நரம்பைச் சுற்றி இருக்கிறது, குரல் போகலாம் என்று டாக்டர் முன்னாடியே சொன்னார். உயிர் முக்கியம் என்று நீங்களும் சொன்னீர்கள். ஆனாலும் பேனா பிடித்தது என் கை. கடையில் நீங்கள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் கடையையே விடச் சொன்னேன். நீங்கள் விடவில்லை. இப்போது சேலத்துக்காரர்கள் உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் தோற்றதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இதுவரை வந்ததில்லை.

இன்னொன்று. போன வாரம் உங்கள் பழைய ரெக்கார்டிங் முழுவதையும் போட்டுக் கேட்டேன், ஆபரேஷனுக்கு முந்தின நாள் இங்கே மைக் முன்னால் நீங்கள் சொன்ன நூற்று நாற்பது வாக்கியத்தையும். நடுவில் நான் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறேன், மைக்கை நிறுத்த மறந்திருக்கிறேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை, ஃபேன் சத்தம், நீங்கள் இருமுவது, வளையல் சத்தம். பிறகு கதவு திறக்கிறது. பிறகு உங்கள் குரல்.

அதை வெட்டி ஒரு பட்டனாகப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில், பச்சையாக, மேலே ஒன்றும் எழுதாமல் இருக்கும். டீ கேட்க வேண்டிய இடத்தில் தொட்டுவிடாதீர்கள். கடையில் ஆள் இல்லாதபோது தொட்டுப் பாருங்கள்.

தினேஷ்


ஏற்காடு
6 மே 2025, செவ்வாய்

தினேஷு, சாமி,

டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு போன் எங்கே என்று பதறாதே. போன் இங்கே என் கையில் இருக்கிறது, நன்றாகப் பேசுகிறது. டப்பாவில் பஜ்ஜி பத்து. அன்பழகனுக்கு இரண்டு, உன் முதலாளிக்கு நாலு, உனக்கு நாலு. இந்தத் தடவை உனக்கென்றே வைத்தேன், உப்பும் உனக்குத் தகுந்த மாதிரி.

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்ததும், கார்க்காரர்கள் முன்னாலேயே அதைக் காட்டி, இதுதானுங்க என் குரல் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தேன். ஒருவரும் மனசு உடையவில்லை. செவ்வாய்ப்பேட்டை அம்மா போனுக்கே ஒரு முழம் பூச் சுற்றினார். "விரதம் பலிச்சு சாமியே கொரல் குடுத்துருச்சு பாருங்க" என்று ஞானசுந்தரி சொன்னாள். அவளை நான் என்ன செய்ய? கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

பச்சைப் பட்டனை நான் உடனே தொடவில்லை. மறுநாள் விடியற்காலை அடுப்புப் பற்றவைக்கும் முன்னால், தெருவில் யாரும் இல்லை, தொட்டேன்.

"வந்துட்டியா சாமி? கையக் கழுவிட்டு வந்து ஒக்காரு. நீ சாப்புடற வரைக்கும் நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரல் எனக்குப் பழகிவிட்டது, அது கடைக்குரல். இது வேறு. இப்படி ஒரு குரல் எனக்கு இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. அழுதேன். அழுதால் சத்தம் வருவதில்லை, அதனால் ஞானசுந்தரிக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

இந்த ஒரு வாரத்தில் அந்தப் பட்டனை முப்பது நாற்பது தடவையாவது தொட்டிருப்பேன். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் தொடுகிறேன். இறங்குகிறவர்களில் அதற்குப் பாத்தியப்பட்டவன் ஒருவனும் இல்லை. நேற்று ஒரு போலீஸ்காரர் அது தனக்குத்தான் என்று நினைத்து, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை, இட்லி கொடுத்து அனுப்பினேன்.

ஆபரேஷன் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பேனாவை உன் கையில் கொடுத்தது யார்? நான். அதோடு விடு.

சிலேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நிற்காதே என்றுதான் எழுதியிருந்தேன். உள்ளே வந்து உட்காராதே என்று எங்கேயும் எழுதவில்லை. நேற்று அதையும் துடைத்துவிட்டு, டீ, காபி விலை எழுதி மாட்டிவிட்டேன்.

கோயமுத்தூர் போகும் முன்னால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. அன்பழகனிடம் சொல்லிவிட்டேன், முன் சீட்டு உனக்கு. டப்பாவைக் கையோடு கொண்டு வா, கோயமுத்தூருக்குக் கொரியரில் போய் வர அதுதான் வேண்டும். ஆப் நிற்கவில்லையென்றால் லெட்டரும் நிற்க வேண்டும் என்று எந்தக் கம்பெனி சட்டம் போட்டிருக்கிறது?

வராமல் இருந்துவிடலாம் என்று நினைக்காதே. நீ சாப்பிடுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன், மைக்கில் இருக்கிறது. மாதம்மாள் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமை காலையில் போனைக் கல்லா மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். சீசன் கூட்டம் என்னவாவது ஆகட்டும். நீ பஸ்ஸை விட்டு இறங்கினால் பச்சைப் பட்டன். நீ கையைக் கழுவி, உட்கார்ந்து, முதல் பஜ்ஜியைக் கடித்த பிறகுதான் அடுத்தவரிடம் "எத்தன டீங்க?" என்று கேட்பேன்.

ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிய குரல். வீணாக்காமல் வந்து சேர்.

அக்கா